கடிகாரம் இருக்கட்டும், பேய் ரன்னர் போகட்டும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் விதிக் குழுவின் பதினொரு உறுப்பினர்களுக்கும் வணக்கம். உங்கள் இரண்டு விதிகளைப் பற்றிய மடல் இது: பந்து வீச நேர வரம்பு வைக்கும் கடிகாரம், சமனான ஆட்டத்தின் கூடுதல் இன்னிங்ஸில் இலவசமாக நிற்க வைக்கும் 'பேய் ரன்னர்'.

உங்களில் ஆறு பேர் அணி உரிமையாளர்கள் பக்கம், நான்கு பேர் ஆடுகிறவர்கள், ஒருவர் நடுவர். பதினொருவரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பாதியை மென்று விழுங்க வேண்டியிருக்கும். தவிர, சிகாகோவில் எங்கள் ஆட்கள் கூடுகிற ஒவ்வொரு வார இறுதி விருந்திலும் "அது என்ன விளையாட்டு, நின்னுக்கிட்டே தூங்கறாங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உங்கள் பக்கம் நின்று வாதாடுகிற ஒரே ஆள் நான். சம்பளமில்லாத வக்கீலுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு இல்லையா?

2019 கோடையில் என் மாமனார் ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்த காலத்தில் லீவு போட்டு, ஐந்து நாளும் காலரியில் உட்கார்ந்து பார்த்த மனிதர். மெதுவான ஆட்டம் அவருக்குப் புதிதல்ல. அந்த நம்பிக்கையில் அவரை எங்கள் சிகாகோ கப்ஸ் அணியின் மைதானமான ரிக்லி ஃபீல்டுக்கு அழைத்துப் போனேன். சுவரெல்லாம் படர்ந்த கொடியையும், இன்னும் ஆள் வைத்துக் கையால் எண்களை மாற்றுகிற ஸ்கோர்போர்டையும் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டார். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவது நடக்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?"

கிண்டல்தான். ஆனால் அப்புறம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உண்மையிலேயே கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார். பந்து வீசுகிற பிட்சர் ஒரு பந்தைப் போட்டுவிட்டு, தான் நின்று வீசும் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, தொப்பியைச் சரிசெய்து, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் காட்டும் சைகைக்கு மூன்று தடவை தலையாட்டி மறுக்கிறார். பேட்டர் வெளியே போய்க் கையுறையின் பட்டையை அவிழ்த்து மறுபடியும் ஒட்டுகிறார். "நாப்பத்தி ரெண்டு செகண்ட். எங்க ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸே ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்." திரும்பி வரும்போது ரெட் லைன் ரயிலில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எவ்வளவு நேரம் ஓடுதுங்கறது பிரச்சினை இல்லைங்க மாப்ளே. அவுட்டர்ல எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதுதான்."

இந்த மடலில் நான் சொல்ல வருவது முழுக்க இந்த வாக்கியம்தான். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும், சிக்னல் விழாது, வண்டி நகராது. ஊரில் ரயிலேறிய எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல் அது. பன்னிரண்டு மணி நேரப் பயணத்தை மன்னித்துவிடுவோம், அவுட்டரில் நிற்கும் இருபது நிமிஷத்தை மன்னிக்க மாட்டோம்.

அந்த 2019இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 3 மணி 5 நிமிடம் ஆனது. 2021இல் அது 3 மணி 10 நிமிடம். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடிந்த அதே ஆட்டம், அதே ஒன்பது இன்னிங்ஸ், அணிக்கு இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் அதே இருபத்தேழு அவுட். கூடுதலான அந்த நாற்பது நிமிடமும் அவுட்டரில் நின்ற நேரம்தான். அதிலும் பாஸ்டனும் நியூயார்க் யாங்கீஸும் மோதினால் தனிக் கதை. 2006 ஆகஸ்ட் 18 அன்று இரட்டை ஆட்டத்தின் இரண்டாவது ஆட்டம், வெறும் ஒன்பது இன்னிங்ஸ், 4 மணி 45 நிமிடம் ஓடியது.

அப்போதும் விதி இல்லாமல் இல்லை. பேஸில் (ரன் எடுக்க வரிசையாக ஓடிச் சேர வேண்டிய இடங்கள்) ஆள் இல்லாதபோது, பந்து கைக்கு வந்த 12 விநாடிக்குள் பிட்சர் வீச வேண்டும் என்று உங்கள் விதிப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை, அவ்வளவுதான். நம்மூரில் பேருந்தில் "புகை பிடிக்காதீர்" என்று எழுதியிருந்த காலம் மாதிரி.

2023இல் பிட்ச் கிளாக் கொண்டுவந்தீர்கள். பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடி, ஆள் இருந்தால் 20 விநாடி. அதற்குள் பிட்சர் வீசத் தொடங்காவிட்டால் ஒரு 'பால்' சேரும்; நான்கு பால் சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். எட்டு விநாடி மிச்சமிருக்கும்போது பேட்டர் தயாராக நிற்காவிட்டால் ஒரு 'ஸ்டிரைக்' சேரும்; மூன்று சேர்ந்தால் அவுட். உங்கள் குழுவில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது வீரர்கள் நான்கு பேரும் எதிர்த்தார்கள். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அன்று என் வாக்கும் அவர்களோடுதான் இருந்திருக்கும். கால்பந்து, கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து எல்லாவற்றுக்கும் கடிகாரம் உண்டு. எதிரணியை இருபத்தேழு முறை அவுட் ஆக்காமல் வீட்டுக்குப் போக முடியாத ஆட்டம் இது ஒன்றுதான். நேரத்தைக் கடத்தி ஜெயிக்க முடியாது. அந்த அழகைக் கெடுக்கிறார்கள் என்று புலம்பினேன்.

பயந்தபடியே தொடக்கமும் இருந்தது. 2023 பிப்ரவரியில் அட்லாண்டா அணிக்கும் பாஸ்டனுக்கும் நடந்த ஒரு பயிற்சி ஆட்டம். ஆறுக்கு ஆறு, ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், மூன்று பால், இரண்டு ஸ்டிரைக். சின்ன வயதில் கொல்லைப்புறத்தில் தனியாக ஆடும் பையன்கள் கற்பனை செய்துகொள்கிற காட்சி. அட்லாண்டாவின் பேட்டர் கால் கான்லி நேரத்துக்குத் தயாராகவில்லை என்று நடுவர் மூன்றாவது ஸ்டிரைக் கொடுத்துவிட்டார். பந்து வீசப்படாமலேயே ஆட்டம் சமனில் முடிந்தது. கான்லிக்கே புரியவில்லை, தனக்குப் பால் கொடுத்துவிட்டார்கள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து முதல் பேஸை நோக்கி நடந்தார். அதே ஆண்டு நவம்பரில் டெல்லி உலகக் கோப்பை ஆட்டத்தில் ஹெல்மெட் பட்டை அறுந்து நின்ற ஏஞ்சலோ மேத்யூஸ் நேரம் கடந்ததால் அவுட் கொடுக்கப்பட்டபோது, எனக்கு முதலில் கான்லியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு மார்ச் 30, சீசன் தொடங்கிய நாள். மேஜர் லீக் சீசன் ஆட்டங்களின் முதல் கடிகார மீறல் எங்கள் ரிக்லியிலேயே, எங்கள் பிட்சர் மார்கஸ் ஸ்ட்ரோமன் தலையிலேயே விழுந்தது. டிவியைப் பார்த்து நான் கத்தியதில் பக்கத்து அறையில் தூங்கிய குழந்தை எழுந்துகொண்டது.

அப்புறம் மே மாதம் வந்தது. கடிகாரத்தையே பார்க்க மறந்துவிட்டேன்.

நான் மனம் மாறிய கதை இவ்வளவுதான். பெரிய ஞானோதயம் எல்லாம் கிடையாது. ஒரு வேலைநாள் மாலை ஆட்டம் முடிந்து வீடு திரும்பியபோது என் பெண் இன்னும் தூங்கியிருக்கவில்லை. அந்த ஆண்டுச் சராசரி 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டைவிட 24 நிமிடம் குறைவு. 2021இல் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிய ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டங்கள் முந்நூற்றைம்பதுக்கும் மேல். 2023இல் ஒற்றை இலக்கம். மைதானத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 2017க்குப் பிறகு முதல்முறையாக 7 கோடியைத் தாண்டியது. பேஸில் நிற்கும் ரன்னரைப் பார்த்துப் பிட்சர் சும்மா சும்மா பந்தை எறிந்து நேரம் கடத்த முடியாதபடி, ஒரு பேட்டருக்கு இரண்டு தடவைதான் என்று வரம்பு வைத்தீர்கள். பேஸையும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் ஆக்கினீர்கள். 2022இல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டு (பிட்சர் அசந்த நேரத்தில் ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) 3,503 ஆனது. நேரத்தைக் குறைத்ததில் ஆட்டம் கூடியது. ரசிகர்கள் கேட்டது இதைத்தான்.

கடிகாரத்தை எதிர்த்த நண்பர்கள் சொல்லும் மறுப்புகளில் ஒன்றை மட்டும் என்னால் இன்னும் தள்ள முடியவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் வித்தியாசம், நாற்பதாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள். அந்த இடத்தில் பிட்சர் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நிற்கும் நீண்ட மௌனம் வெறும் காத்திருப்பு இல்லை. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் பாடகர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது சொல்வார்களா? சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்த மௌனத்தில் கொஞ்சம் போய்விட்டது. ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் காலி பேஸோடு நடந்த ஊர்வலங்களையும் அந்த மௌனத்தின் கணக்கில் எழுதி எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. மூன்று மணி நேரமும் சஸ்பென்ஸ் என்றால் அதற்குப் பெயர் சஸ்பென்ஸ் இல்லை.

பழைய காலத்துப் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆண்டின் இறுதிக் கோப்பைக்கான மோதலுக்கு உலகத் தொடர் என்று பெயர். 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், பிட்ஸ்பர்க், ஃபோர்ப்ஸ் ஃபீல்டு. 10-9 என்ற கணக்கில், மாசரோஸ்கி கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னில் (நம்மூர் சிக்ஸர் மாதிரி) உள்ளூர் அணியான பைரேட்ஸ் யாங்கீஸை வீழ்த்தியது. பத்தொன்பது ரன் விழுந்த அந்த ஆட்டம் முடிய ஆன நேரம் 2 மணி 36 நிமிடம். 2024இல் உங்கள் கடிகாரத்தோடு ஆடிய ஆட்டங்களின் சராசரியும் 2 மணி 36 நிமிடம்தான். ஆக, நீங்கள் புதிதாக எதையும் வேகப்படுத்தவில்லை. தாத்தா பார்த்த வேகத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். "பாரம்பரியம் போச்சு" என்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

புகழ்ச்சி இத்தோடு போதும்.

பேய் ரன்னர் என்று ரசிகர்கள் கேலி செய்கிற அந்த விதி. ஒன்பது இன்னிங்ஸில் சமன் என்றால், பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாவது பேஸில் ஒரு ஆளை இலவசமாக நிற்க வைக்கிறீர்கள். அவர் பந்தை அடிக்கவில்லை, நான்கு பால் சேர்ந்து இலவச முதல் பேஸ், அதாவது 'வாக்', வாங்கவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை. முந்தைய இன்னிங்ஸில் கடைசியாக ஆடியவர் என்ற ஒரே தகுதியில் போய் நிற்கிறார். 2020இல் பெருந்தொற்றுக் காலத்து ஏற்பாடாக வந்தது. வீரர்கள் களைத்துவிடக் கூடாது, சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்ற நியாயம் அப்போது இருந்தது. 2023இல் உங்கள் குழுதான் அதை நிரந்தரமாக்கியது.

எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இப்படிப்பட்ட விதிகள் நிறைய உண்டு. ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் கேட்ச், சுவரில் நேராகப் பட்டால் அவுட், கடைசி பேட்ஸ்மேனுக்கு ரன்னர் கிடையாது. எல்லாம் இருட்டிக்கொண்டு வருகிறது, அம்மா கூப்பிடுகிறாள், பந்து இனிமேல் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகப் போட்ட விதிகள். உங்களிடம் விளக்கு இருக்கிறது. ரிக்லியிலேயே 1988இல் விளக்கு போட்டாயிற்று. யார் உங்களைக் கூப்பிடுகிறார்கள்?

கடிகாரமும் பேய் ரன்னரும் ஒரே நோக்கத்துக்கு வந்த இரண்டு மருந்துகள் மாதிரி தெரியும். இல்லை. கடிகாரம் அவுட்டரில் நிற்கும் வண்டியை நகர்த்துகிறது. பேய் ரன்னர் வண்டியை இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே நிறுத்திவிட்டு, "இங்கேயே இறங்கிக்கோ" என்கிறது. பயணம் செய்தவனுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இதற்கு ஆதாரம் தேடி நான் எங்கும் போக வேண்டாம். உங்களிடமே இருக்கிறது. கோப்பைக்கான அக்டோபர் ஆட்டங்களில் பேய் ரன்னர் கிடையாது, ஏனென்றால் அங்கே அது அவமானம் என்று உங்களுக்கே தெரியும். 2018 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மைதானம், பாஸ்டன் எதிரணி. பதினெட்டு இன்னிங்ஸ், 3-2. கடிகாரம் இல்லை. 7 மணி 20 நிமிடம். 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், அதே மைதானம், டொரொன்டோ எதிரணி. அதே பதினெட்டு இன்னிங்ஸ், 6-5. இந்தத் தடவை கடிகாரம் உண்டு. 6 மணி 39 நிமிடம். ரன் இரண்டு மடங்குக்கும் மேல் விழுந்தும் 41 நிமிடம் குறைவு. யாரோ பரிசோதனைக்கூடத்தில் வைத்து நடத்தியது மாதிரி ஒரு ஒப்பீடு.

அந்த 2025 இரவில் சிகாகோவில் மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அலுவலகம். டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஒட்டானி ஒரே ஆட்டத்தில் ஒன்பது தடவை பேஸை அடைந்தார். இரண்டு ஹோம் ரன், இரண்டு டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ்), ஐந்து வாக். அதே அணியில் பெயரே கேள்விப்படாத வில் க்ளைன் என்ற பிட்சர் கடைசி நான்கு இன்னிங்ஸையும் தாங்கிப் பிடித்தார். பதினெட்டாவதில் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த பந்து நடுச்சுவரைத் தாண்டியபோது, ஈரோட்டில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்த மாமனாரிடமிருந்து உடனே செய்தி வந்தது: "முடிஞ்சுதா? தூங்குங்க." ஆறரை மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட எழுந்து போகத் தோன்றவில்லை. நீளம் எங்களுக்குச் சலிப்புத் தரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு சாதாரண ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை அப்படி ஓர் ஆட்டம் இனி நடக்கவே வாய்ப்பில்லாமல் செய்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு நாளும் பதினெட்டு இன்னிங்ஸ் ஆடினால் பிட்சர்கள் என்ன ஆவார்கள் என்று உங்களில் அந்த நான்கு வீரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் முழுக்கத் தூக்கச் சொல்லவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு வரை ஆட்டத்தை ஆட்டமாக விடுங்கள். பன்னிரண்டு முடிந்தும் சமன் என்றால் பதின்மூன்றில் உங்கள் பேயை அழைத்து வாருங்கள். நானே எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன்.

பிட்சர்கள் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஒரு சீசன் முடிந்ததுமே, ஆள் இருக்கும்போது இருந்த 20 விநாடியை 2024இல் 18 ஆக்கினீர்கள். வீரர்கள் சங்கம் எதிர்த்தது. அந்த ஏப்ரலில் பெயர்பெற்ற பிட்சர்கள் சிலரின் முழங்கை வரிசையாகப் போனபோது, கடிகாரம்தான் காரணம் என்றது சங்கம். இல்லவே இல்லை என்றது லீக். 2024 டிசம்பரில் லீக் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சில், உச்ச வேகத்தில் வீசும் பழக்கத்தின் மேல் பழியைப் போட்டது. குற்றம் சாட்டப்பட்டவரே எழுதிய தீர்ப்பு என்று சிரித்தேன். ஆனால் முழங்கை அறுவைகள் கடிகாரத்துக்குப் பல வருஷம் முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தன என்பதையும் மறைக்க முடியாது. யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ஒன்று புரிகிறது: அந்த இரண்டு விநாடியைப் பிடுங்கியதில் எந்த ரசிகனும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. 2 மணி 40 நிமிடம் 2 மணி 36 ஆனது. நான்கு நிமிடம். ரிக்லிக்குப் பக்கத்து அடிசன் ஸ்டேஷன் படியேறவே கூட்டத்தில் எனக்கு அதைவிட அதிகமாகும். இனியும் குறைக்க யாராவது கை தூக்கினால், தயவுசெய்து அந்தக் கையைக் கீழே இறக்குங்கள்.

நான்கு நிமிடம் உண்மையிலேயே வேண்டுமென்றால் எங்கே இருக்கிறது என்று காட்டட்டுமா? ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் பாதி இன்னிங்ஸ்களுக்கு நடுவே பதினேழு இடைவேளை. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 34 நிமிடம். பிட்சர் பதினைந்து விநாடியில் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், பேட்டர் கையுறையைத் தொடக்கூடாது. ஆனால் இன்சூரன்ஸ் விளம்பரமும் லாரி விளம்பரமும் ஆற அமர வந்து போகலாம். ஒவ்வொரு இடைவேளையிலும் பதினைந்து விநாடி எடுத்தால் நான்கு நிமிடத்துக்கு மேல் மிச்சம். ஆறு உரிமையாளர்கள் இந்தப் பத்தியை மட்டும் வேகமாகப் புரட்டுவார்கள் என்று தெரியும். ஆட்டம் சுருங்கி பீர் விற்பனை குறைந்ததும், வழக்கமாக ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்துவதைச் சில அணிகள் 2023இலேயே எட்டாவதுவரை நீட்டியதை நாங்களும் பார்த்தோம். குடித்துவிட்டு வண்டி எடுக்கிறவனுக்குத் தெளிய நேரம் குறைகிறதே என்று அப்போதைய ஃபிலடெல்ஃபியா பிட்சர் மாட் ஸ்ட்ராம்தான் கேட்டார். உரிமையாளர் யாரும் கேட்டதாக நினைவில்லை.

பயமுறுத்தும் பேட்டருக்கு வேண்டுமென்றே கொடுக்கும் 'வாக்' ஒன்றுக்குக்கூட 2017இலிருந்து பந்து வீச வேண்டாம், ஓரத்தில் அணி உட்காரும் இடத்திலிருந்து நான்கு விரலைக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. அந்த உலகத் தொடர் ஆட்டத்தில் ஒட்டானிக்கு நான்கு தடவை அப்படித்தான் நடந்தது. பயந்துபோன பிட்சர் நான்கு பந்தை வெளியே எறிவதை ஐம்பதாயிரம் பேர் ஊளையிட்டபடி பார்ப்பது எவ்வளவு பெரிய சுகம்! அதைப் பறித்து ஒரு நிமிடம்கூட மிச்சமாகியிருக்காது. இதற்காகச் சண்டை போட மாட்டேன், சொல்லி வைக்கிறேன்.

வீரர்களுடனான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதியோடு முடிகிறது. உங்கள் குழுவே 2022 ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். சம்பள உச்சவரம்பு, தொலைக்காட்சிப் பணம் என்று பெரிய பெரிய சண்டைகள் வரும். அந்த மேசையின் ஒரு மூலையில் பன்னிரண்டாவது இன்னிங்ஸுக்கு யாராவது இடம் ஒதுக்குங்கள். கடிகாரத்தை இப்போது இருக்கிறபடியே விடுங்கள், 15, 18. விளம்பரத்தில் கை வையுங்கள்.

மாமனார் வருகிற கோடையில் மறுபடி வருகிறார். கைக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறாராம்.

இப்படிக்கு,
அடிசன் நிறுத்தத்தில் இறங்கும் ஒரு ரசிகன்
சிகாகோ